குடிலில் உண்ணும் பழச் சோறு

அறுவடை முடிந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. களத்தில் நெல் குவியும். வீட்டில் குதிர் நிறையும். தமிழ்நாட்டில் பொங்கல் வைக்கிறார்கள். அசாமில் பிகு கொண்டாடுகிறார்கள். பஞ்சாபில் பைசாகி கொண்டாடுகிறார்கள்.

யூதர்களுக்கும் ஓர் அறுவடை விழா உண்டு. அதன் பெயர் சுக்கோத். இந்த விழாவில் அவர்கள் வீட்டை விட்டு வெளியே வருகிறார்கள். ஓலையும் தழையும் வேய்ந்த குடிலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஏழு நாள்கள் இப்படிச் சாப்பிடுகிறார்கள். பல குடும்பங்களின் விருந்தில் பழம் போட்ட சோறும் இருக்கும்.

நல்ல வீடு இருக்கும்போது குடில் எதற்கு? சோற்றில் பழம் எதற்கு? அந்தச் சோற்றை எப்படிச் சமைப்பது? வாருங்கள், பார்ப்போம்.

யூதர்கள் யார்?

யூதர்களின் சமயம் மிகப் பழைய சமயம். கடவுள் ஒருவரே என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களுடைய வேதம் எபிரேய மொழியில் உள்ளது. இன்று யூதர்கள் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் அதிகமாக வாழ்கிறார்கள். வேறு பல நாடுகளிலும் வாழ்கிறார்கள்.

நம் நாட்டிலும் அவர்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். கொச்சியில் 1568இல் யூதர்கள் ஒரு தொழுகைக் கூடம் கட்டினார்கள். அது இன்றும் இருக்கிறது. மும்பையில் 1796இல் ஒரு தொழுகைக் கூடம் கட்டினார்கள்.

மகாராஷ்டிரத்தில் கொங்கணக் கடற்கரை உள்ளது. அங்கே பெனே இஸ்ரேல் என்னும் யூதர்கள் வாழ்ந்தார்கள். செக்கில் எண்ணெய் ஆட்டுவது அவர்களுடைய தொழில். யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள். அன்று அவர்கள் செக்கு ஓடாது. அதனால் ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி' என்று அழைத்தார்கள். 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்' என்பது இதன் கருத்து.

1948இல் இஸ்ரேல் நாடு உருவானது. அதன் பிறகு இந்திய யூதர்களில் பலர் அங்கே போய்க் குடியேறினார்கள். இங்கே இப்போது சில ஆயிரம் பேரே இருக்கிறார்கள்.

ஓலைக் குடில்

எபிரேய மொழியில் 'சுக்கா' என்றால் குடில். 'சுக்கோத்' என்றால் குடில்கள். தமிழ் விவிலியத்தில் இந்த விழாவுக்குக் 'கூடாரப் பண்டிகை' என்று பெயர்.

யூதர்கள் நிலவைக் கணக்கு வைத்து மாதத்தை எண்ணுகிறார்கள். திஷ்ரி என்பது அவர்களுடைய ஒரு மாதம். அந்த மாதத்தின் 15ஆம் நாள் சுக்கோத் தொடங்குகிறது. அது செப்டம்பரில் அல்லது அக்டோபரில் வரும். அன்று முழு நிலவு நாள்.

குடிலைக் கட்டுவதற்கு விதிகள் உண்டு. சுவர் எதனாலும் இருக்கலாம். பலகை வைக்கலாம். துணியும் கட்டலாம். ஆனால் கூரைக்குக் கண்டிப்பான விதி உண்டு. மண்ணில் வளர்ந்து, பிறகு வெட்டிய பொருளால்தான் கூரை போட வேண்டும். ஓலை, மூங்கில், தழை ஆகியவை ஆகும். தகரம் ஆகாது. துணியும் ஆகாது. கூரையின் நிழல் வெயிலைவிட அதிகமாக விழ வேண்டும். ஆனாலும் இரவில் இடுக்கு வழியாக விண்மீன் தெரிய வேண்டும் என்பார்கள். மரத்தடியில் குடில் போடக் கூடாது. மேலே வானம் திறந்திருக்க வேண்டும்.

நகரத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? மொட்டை மாடியில் குடில் போடுவார்கள். கூரை இல்லாத மாடி முகப்பிலும் போடுவார்கள். பெரிய மழை வந்து உணவில் கொட்டினால் வீட்டுக்குள் போய்ச் சாப்பிடலாம்.

ஏன் குடிலில் இருக்க வேண்டும்?

யூதர்களின் முன்னோர் எகிப்து நாட்டில் அடிமைகளாக இருந்தார்கள் என்று அவர்கள் வேதம் சொல்கிறது. அங்கிருந்து விடுதலை பெற்று வெளியேறினார்கள். பிறகு 40 ஆண்டுகள் பாலைவனத்தில் அலைந்தார்கள். அப்போது அவர்களுக்கு வீடு இல்லை. குடிலில்தான் தங்கினார்கள். அதை நினைவில் வைக்கவே இந்த விழா.

இன்னொரு காரணத்தையும் அறிஞர்கள் சிலர் சொல்கிறார்கள். அறுவடைக் காலத்தில் உழவர்கள் தோட்டத்திலேயே காவல் குடிசை போட்டுத் தங்குவார்கள். அந்தப் பழக்கமும் விழாவில் கலந்திருக்கலாம்.

இதில் ஒரு பெரிய கருத்து இருக்கிறது. குதிர் நிறைந்திருக்கும்போது மனிதனுக்குத் துணிவு வரும். 'இனி யார் தயவும் தேவை இல்லை' என்று தோன்றும். சரியாக அந்த நேரத்தில் யூதர்களின் வேதம் அவனைக் குடிலுக்குப் போகச் சொல்கிறது. காற்று அடித்தால் ஆடும் குடில் அது. அங்கே உட்கார்ந்தால், வீடு இல்லாதவனின் நிலைமை உடம்பில் படும்.

ஏன் பழம்?

இஸ்ரேலில் கோடைக் காலம் முழுவதும் மழை இருக்காது. திராட்சை, அத்தி, மாதுளை, பேரீச்சை ஆகிய பழங்கள் கோடையிலும் கோடையின் கடைசியிலும் பழுக்கும். அவற்றைச் சேர்த்து வைக்கும் காலத்தில் சுக்கோத் வருகிறது. அத்தி, திராட்சை, பேரீச்சை ஆகியவற்றைக் காய வைத்தால் பல மாதங்கள் கெடாது. அதனால் இது பழ அறுவடை விழாவும் ஆகும்.

விழாவின் வழிபாட்டிலும் ஒரு பழம் உண்டு. அதன் பெயர் எத்ரோக். அது எலுமிச்சை, நார்த்தை ஆகியவற்றுக்கு உறவான பழம். தோல் தடிப்பாக இருக்கும். நல்ல மணம் வீசும். அதோடு பேரீச்ச மரத்தின் விரியாத குருத்தோலை ஒன்றையும் எடுப்பார்கள். மிர்ட்டில் என்னும் மணமுள்ள செடியின் கிளைகள் மூன்றைச் சேர்ப்பார்கள். வில்லோ என்னும் ஆற்றோர மரத்தின் கிளைகள் இரண்டைச் சேர்ப்பார்கள். இவற்றைக் கையில் பிடித்து, எல்லாத் திசையிலும் அசைத்து வழிபடுவார்கள்.

ஏழு நாள் முடிந்ததும் எட்டாம் நாள் வரும். அன்று மழை வேண்டி வழிபடுவார்கள். அறுவடை முடிந்தது, அடுத்த பயிருக்கு மழை வேண்டும் அல்லவா?

அரிசி எங்கிருந்து வந்தது?

யூதர்களின் வேதம் அவர்கள் நாட்டின் ஏழு விளைபொருள்களைச் சிறப்பாகச் சொல்கிறது. கோதுமை, பார்லி, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், பேரீச்சை ஆகியவை அந்த ஏழு. இதில் அரிசி இல்லை.

அரிசி கிழக்கே இருந்து போன தானியம். ஈரான், ஈராக் ஆகிய பகுதிகளில் பழங்காலத்திலேயே நெல் விளைந்தது. அங்கே வாழ்ந்த யூதர்கள் அரிசி சமைக்கப் பழகினார்கள். ஈரானில் சோற்றோடு பழமும் பருப்பும் சேர்த்துச் சமைப்பார்கள். அதற்குப் 'பொலோ' என்று பெயர். நாம் சொல்லும் 'புலாவ்' என்ற சொல்லும் இதற்கு உறவுதான். நடு ஆசியாவில் புகாரா என்னும் நகரம் உள்ளது. அங்கே கேரட்டும் உலர்ந்த திராட்சையும் போட்டுச் சமைப்பார்கள். யூதர்கள் பல நாடுகளில் குடியேறியபோது இந்தச் சமையலும் கூடவே போனது.

நமக்குச் சோறுதான் சாப்பாடு. அவர்கள் விருந்தில் கோழியோ ஆட்டிறைச்சியோ முதன்மை. பழச் சோறு அதற்குத் துணை. நாம் கூட்டு வைப்பதுபோல் அவர்கள் சோறு வைக்கிறார்கள்.

அடுப்படி விதிகள்

யூதர்களின் உணவுக்குச் சமய விதிகள் உண்டு. மூன்று விதிகளைத் தெரிந்துகொண்டால் இந்தச் சமையல் புரியும்.

ஒன்று: இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சமைக்கக் கூடாது. சேர்த்துச் சாப்பிடவும் கூடாது. பால் என்றால் நெய், வெண்ணெய், தயிர் எல்லாம் அடங்கும். இரண்டுக்கும் பாத்திரங்களே வேறு வேறு. பழச் சோற்றை இறைச்சியோடு வைப்பார்கள். ஆகவே அதில் நெய் ஊற்ற மாட்டார்கள். எண்ணெய்தான் ஊற்றுவார்கள். இந்திய யூதர்கள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். கொங்கணத்திலும் கொச்சியிலும் தென்னை நிறைய உண்டு. அவர்கள் பசும்பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைத்தார்கள்.

இரண்டு: பூச்சியும் புழுவும் உணவில் இருக்கக் கூடாது. ஆகவே அரிசியை நன்றாகப் புடைத்துப் பொறுக்குவார்கள். பேரீச்சம்பழத்தைப் பிளந்து உள்ளே பார்ப்பார்கள். எந்த வீட்டுக்கும் இது நல்ல பழக்கம்.

மூன்று: சனிக்கிழமை சமைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் சமையலை முடிக்க வேண்டும். விழாவின் தொடக்க நாளில் சமைக்கலாம். ஆனால் புதிதாக நெருப்புப் பற்ற வைக்கக் கூடாது. முன்பே எரியும் நெருப்பைத்தான் பயன்படுத்த வேண்டும்.

தேவையான பொருள்கள்

துணை உணவாக வைத்தால் இது எட்டுப் பேருக்கு வரும். முழுச் சாப்பாடாக என்றால் நான்கு பேருக்கு வரும்.

பாசுமதி அரிசி – 2 டம்ளர்
உலர்ந்த திராட்சை – அரை டம்ளர்
பேரீச்சம்பழம் – 6
உலர்ந்த ஆப்ரிகாட் பழம் – 6
பாதாம் பருப்பு – 15
மாதுளம்பழம் – 1
ஆரஞ்சுப் பழச் சாறு – அரை டம்ளர்
பெரிய வெங்காயம் – 2
பட்டை – ஒரு விரல் நீளம்
ஏலக்காய் – 3
மஞ்சள் தூள் – கால் தேக்கரண்டி
எண்ணெய் – 3 மேசைக்கரண்டி
உப்பு – தேவையான அளவு
தண்ணீர் – 3 டம்ளர்

ஆப்ரிகாட் நம் நாட்டில் லடாக்கில் நிறைய விளைகிறது. அது கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். உலர்ந்த அத்திப்பழம் போடலாம். பாதாம் விலை அதிகம் என்றால் நிலக்கடலையை வறுத்துப் போடலாம். ஈரானில் நிறத்துக்குக் குங்குமப்பூ போடுவார்கள். இங்கே மஞ்சள் தூள் போதும்.

செய்யும் முறை

1. அரிசியைப் பொறுக்குங்கள். மூன்று முறை கழுவுங்கள். 20 நிமிடம் ஊற வைத்து, தண்ணீரை வடித்துவிடுங்கள்.

2. உலர்ந்த பழங்களைக் கழுவுங்கள். பேரீச்சையின் கொட்டையை எடுங்கள். பேரீச்சையையும் ஆப்ரிகாட்டையும் சிறு துண்டுகளாக நறுக்குங்கள்.

3. கனமான பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றிக் காய வையுங்கள். பாதாமைச் சிவக்க வறுத்துத் தனியாக எடுத்து வையுங்கள்.

4. அதே எண்ணெயில் உலர்ந்த திராட்சையைப் போடுங்கள். உப்பி வந்ததும் உடனே எடுத்துவிடுங்கள். அதில் சர்க்கரை அதிகம். கொஞ்சம் விட்டாலும் கருகிக் கசக்கும்.

5. பட்டையும் ஏலக்காயும் போடுங்கள். நீளமாக நறுக்கிய வெங்காயத்தைப் போட்டுப் பொன்னிறமாக வதக்குங்கள். மஞ்சள் தூள் சேருங்கள்.

6. அரிசியைப் போட்டு இரண்டு நிமிடம் மெதுவாகக் கிளறுங்கள். அரிசியில் எண்ணெய் படிந்தால் சோறு ஒட்டாமல் உதிரியாக வரும்.

7. தண்ணீர், ஆரஞ்சுச் சாறு, உப்பு ஆகியவற்றைச் சேருங்கள். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். மூடி வைத்து 12 முதல் 15 நிமிடம் வேக விடுங்கள். இடையில் கிளற வேண்டாம். கிளறினால் அரிசி உடையும்.

8. தண்ணீர் வற்றியதும் அடுப்பை அணையுங்கள். திராட்சை, பேரீச்சை, ஆப்ரிகாட் ஆகியவற்றைச் சோற்றின் மேல் பரப்புங்கள். பாத்திரத்தின் வாயில் ஒரு சுத்தமான துணியை விரித்து, அதன் மேல் மூடியை வைத்து அழுத்துங்கள். 10 நிமிடம் அப்படியே விடுங்கள். ஆவி நீராகிச் சோற்றில் சொட்டாது. துணி அதை உறிஞ்சிக்கொள்ளும். இது ஈரானியர் கையாளும் முறை. அடுப்பை அணைத்த பிறகே துணியைப் போடுங்கள்.

9. முள்கரண்டியால் மெதுவாகக் கிளறிவிடுங்கள். பாதாமையும் மாதுளை முத்துகளையும் மேலே தூவுங்கள். மாதுளையைச் சூட்டில் வேக வைக்க வேண்டாம். அதன் நிறமும் மொறுமொறுப்பும் போய்விடும்.

பார்த்தால் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். வாயில் வைத்தால் உப்பு, இனிப்பு, புளிப்பு மூன்றும் தெரியும். காரமான கறியோடு நன்றாக இருக்கும்.

கவனிக்க வேண்டியவை

இந்தச் சோற்றை வீட்டில் சமைத்துத்தான் குடிலுக்குக் கொண்டு போவார்கள். ஓலைக் குடிலுக்குள் அடுப்பு வைப்பது ஆபத்து. விளக்கு வைத்தாலும் ஓலைக்கும் துணிக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

வெளியில் உண்ணும்போது ஈ மொய்க்கும். பாத்திரத்தை மூடி வையுங்கள். சமைத்த சோற்றை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். சோற்றில் கிருமி வளரும். அந்தக் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடு செய்தாலும் போகாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஆகவே அளவாகச் சமையுங்கள்.

உலர்ந்த பழத்தில் இரும்புச் சத்தும் நார்ச்சத்தும் உண்டு. சர்க்கரையும் அதிகம் உண்டு. நீரிழிவு நோய் உள்ளவர்கள் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும்.

கொங்கணத்து மலிதா

பெனே இஸ்ரேல் யூதர்களிடம் அரிசியும் பழமும் சேர்ந்த இன்னொரு உணவு உண்டு. அதன் பெயர் மலிதா. இதற்கு அடுப்பே வேண்டாம்.

அவலை நனைத்துப் பிழிவார்கள். தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், திராட்சை, பருப்புகள் ஆகியவற்றைக் கலப்பார்கள். தட்டில் குவித்து, வாழைப்பழம், ஆப்பிள், பேரீச்சை முதலிய பழங்களைச் சுற்றி வைப்பார்கள். எலியா என்னும் இறைவாக்கினரை நினைத்து வழிபட்ட பிறகு எல்லோருக்கும் பங்கு கொடுப்பார்கள்.

மலிதா சுக்கோத்துக்கு மட்டும் உரியது இல்லை. வேண்டுதல் நிறைவேறினால் செய்வார்கள். திருமணத்தை ஒட்டியும் செய்வார்கள். கடவுளுக்கு நன்றி சொல்லும் உணவு அது. எந்த மண்ணில் வாழ்ந்தார்களோ அந்த மண்ணின் அவலையும் தேங்காயையும் எடுத்துக்கொண்டார்கள். தங்கள் வழிபாட்டை விடாமல் வைத்துக்கொண்டார்கள்.

யாரோடு சாப்பிடுவது?

பழச் சோறு தயார். குடிலும் தயார். அதோடு விழா முடிந்துவிடுமா?

யூதர்களின் வேதம் உழவனுக்கு ஒரு கட்டளை கொடுக்கிறது. வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காதே. கீழே சிந்திய கதிரைப் பொறுக்காதே. அது ஏழைக்கும் அயலானுக்கும் உரியது. சுக்கோத் விழாவுக்கும் ஒரு கட்டளை உண்டு. வீட்டார் மட்டும் மகிழ்ந்தால் போதாது. வேலையாள், அயலான், தந்தை இல்லாத பிள்ளை, கணவனை இழந்த பெண் ஆகிய எல்லோரும் சேர்ந்து மகிழ வேண்டும்.

மைமோனிதிஸ் என்று ஓர் அறிஞர் இருந்தார். அவர் மருத்துவர். 1138இல் பிறந்து 1204இல் எகிப்தில் இறந்தார். யூதர்களின் விதிகளைத் தொகுத்து எழுதியவர் அவர். கதவைச் சாத்திக்கொண்டு குடும்பத்தோடு மட்டும் விருந்து உண்பவனைப் பற்றி அவர் கடுமையாக எழுதினார். ஏழைக்குக் கொடுக்காமல் உண்பது விழா மகிழ்ச்சி ஆகாது. அது வயிற்றின் மகிழ்ச்சிதான் என்பது அவர் கருத்து.

குடிலுக்கு உறுதியான கதவு கிடையாது. பூட்டு கிடையாது. சுக்கோத் நாள்களில் யூதர்கள் விருந்தாளியை அழைப்பதைக் கடமையாக நினைக்கிறார்கள். இங்கே சொன்ன இரண்டு டம்ளர் அரிசி துணை உணவாக எட்டுப் பேருக்கு வரும். வீட்டில் நான்கு பேர் இருந்தால், இன்னும் நான்கு பேருக்கு இடம் உண்டு.

விழா முடிந்ததும் குடிலைப் பிரித்துவிடுவார்கள். மூங்கிலும் பலகையும் அடுத்த ஆண்டுக்காக வீட்டு மூலைக்குப் போகும். கூரையில் போட்ட தழை காய்ந்து உதிர்ந்திருக்கும். வானத்தில் மழை மேகத்தைத் தேடத் தொடங்குவார்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரின் அறுவடை விழாவில் என்ன சமைப்பார்கள்? ஏன் அந்த உணவு?
2. அந்த விழாவில் வேலையாளுக்கும் அக்கம் பக்கத்தாருக்கும் என்ன பங்கு கொடுக்கிறீர்கள்?
3. உங்கள் ஊரில் காய வைத்துச் சேமிக்கும் பழங்கள், காய்கள் யாவை?